அமெரிக்கா ஏன் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் சும்மா ஆயுதம் கொடுக்கிறது? பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நீண்ட பதில்

கோலாலம்பூரில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாமல் கடனாளி ஆகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படியிருக்க அந்த நாட்டு அரசாங்கம் இஸ்ரேலுக்கு ஆண்டுதோறும் பில்லியன் கணக்கில் ஆயுதம் கொடுப்பது ஏன்? லாபிதான் காரணம் என்கிறார்களே, அவ்வளவுதானா? இல்லை, வேறு கணக்கு இருக்கிறதா?"

வேறு கணக்கு இருக்கிறது. லாபியும், அதாவது வாஷிங்டனில் இஸ்ரேலுக்காக அழுத்தம் கொடுக்கும் அமைப்புகளும், உண்மைதான், ஆனால் அது கதையில் பாதியில் வந்து சேர்ந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். காஸாவில் நடந்ததைப் பார்த்து எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஒரு வல்லரசு எதற்காக ஒன்றைச் செய்கிறது என்று சொல்வது வேறு, செய்வது நியாயம் என்று சொல்வது வேறு. நான் முதலாவதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். 2016-ல் ஒபாமா ஆட்சியின் கடைசி மாதங்களில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, 2019 முதல் 2028 வரையிலான 10 நிதியாண்டுகளில் இஸ்ரேலுக்கு 38 பில்லியன் டாலர். அதில் 33 பில்லியன் ஆயுதம் வாங்க, 5 பில்லியன் ஏவுகணைத் தடுப்புக்கு. ஆண்டுக்கு 3.8 பில்லியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காஸா போர் வந்த பிறகு 2024-ல் கூடுதலாக ஒதுக்கியது தனி. எகிப்துக்கு 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்கு 1.3 பில்லியன் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் ஓராண்டுச் செலவு 6 டிரில்லியன் டாலருக்கு மேல். 3.8 பில்லியன் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த நாட்டில் மருத்துவத்துக்கு ஓராண்டில் செலவாவது 4 டிரில்லியனைத் தாண்டும். இந்த உதவியை நாளைக்கே நிறுத்தினாலும் யாருடைய ஆஸ்பத்திரி பில்லும் குறையப் போவதில்லை. அந்தப் பிரச்சினைக்குக் காரணம் வேறு, அது வேறு பதில்.

வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். போருக்கு முந்தைய ஆண்டுகளில் இஸ்ரேலின் ராணுவச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அமெரிக்கப் பணம். கொடுக்கிறவருக்குச் சில்லறையாக இருப்பது வாங்குகிறவரின் விமானப் படைக்கே அடிப்படையாக இருக்கிறது. வல்லரசுகளுக்கு இந்த உதவி பிடித்துப்போவதற்கு முதல் காரணம் இந்த மலிவுதான்.

சரி, அந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பாலான நாடுகளுக்கு இது காசாகக் கைக்கு வருவதே கிடையாது. வாஷிங்டனில் கணக்கில் எழுதி வைப்பார்கள். இன்ன சாமான் வேண்டும் என்று அந்த நாடு கடிதம் கொடுக்கும். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் விலை போட்டுப் பதில் கடிதம் அனுப்பும். கையெழுத்தானதும் அமெரிக்கக் கம்பெனிக்கு அமெரிக்க அரசே பணம் கட்டிவிடும். இஸ்ரேலுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை உண்டு: நிதியாண்டு தொடங்கிப் பட்ஜெட் நிறைவேறியவுடனே மொத்தத் தொகையும் நியூயார்க்கில் உள்ள மத்திய வங்கிக் கணக்கில் விழும், வட்டியும் சேரும். அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தன் சொந்தத் தொழிற்சாலைகளில் செலவு செய்யவும் அனுமதி இருந்தது. அந்தச் சலுகையை 2016 ஒப்பந்தம் படிப்படியாக வெட்டி 2028-க்குள் ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது. ஒபாமா வாரிக் கொடுத்தார் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிப்பதில்லை. தொகையைக் கூட்டிக் கொடுத்து, கடைசி டாலர்வரை அமெரிக்காவிலேயே செலவழிக்கும்படி கட்டிப்போட்டுவிட்டார்.

ஒஹாயோ மாநிலத்தில் லைமா என்று ஓர் ஊர். ஆப்ராம்ஸ் டாங்கி அங்கேதான் உருவாகிறது. சுமார் 2012 வாக்கில் அமெரிக்க ராணுவமே, இப்போதைக்குப் புது டாங்கி வேலை வேண்டாம், கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம் என்று சொன்னது. ஆலை மூடவில்லை. தன் தொகுதி வேலைகளைக் காப்பாற்ற நின்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் பிடிவாதம் பாதி, வெளிநாட்டு ஆர்டர்கள் பாதி. எகிப்து கெய்ரோவுக்கு அருகில் பொருத்தும் ஆப்ராம்ஸ் டாங்கிகளுக்குப் பாகங்கள் அமெரிக்காவிலிருந்துதான் போகின்றன. உக்ரேன் விஷயமும் இப்படியே. ராணுவ உதவிக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் போன்ற ஊர்களில் பீரங்கிக் குண்டு வார்க்கும் ஆலைகளுக்கும், கிடங்கில் கிடந்த பழையதைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வாங்கி வைப்பதற்கும் போனது. வெளிநாட்டு உதவி என்ற பெயரில் உள்ளூரில் வேலை நடக்கிறது. ஓட்டுக் கேட்கும் அரசியல்வாதிக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் வேலைவாய்ப்பு மட்டும் காரணமாக இருந்தால் அமெரிக்கா தன் ராணுவத்துக்கே இன்னும் நாலு டாங்கி வாங்கிக்கொள்ளலாமே. இன்னொருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இங்கேதான் இடம் என்ற விஷயம் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பினாங்குக்காரர்கள் மத்தியக் கிழக்குவரை போக வேண்டியதில்லை. நம் பினாங்குத் தீவே ராணுவ உதவிக் கணக்கில் கைமாறியதுதான்.

1780-களில் கெடா சுல்தானுக்கு வடக்கே சயாம் (இன்றைய தாய்லாந்து), அதற்கு அப்பால் பர்மா என்று இரண்டு பக்கமும் பயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ வங்காளத்துக்கும் சீனாவுக்கும் நடுவில் கப்பல் நிறுத்த ஓர் இடம் வேண்டும். பிரான்சிஸ் லைட் என்ற வணிகர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்: தீவைக் கொடுங்கள், எதிரி வந்தால் கம்பெனி துணைக்கு வரும். 1786 ஆகஸ்ட் 11-ல் கொடி ஏறியது. ஆனால் கல்கத்தாவில் இருந்த கம்பெனி மேலிடம், சயாமோடு சண்டை போடும் எந்த உறுதியும் தர முடியாது என்று கைவிரித்துவிட்டது. ஏமாந்துபோன சுல்தான் அப்துல்லா, தீவை மீட்பதற்காக எதிர்க்கரையில் பிறை என்ற இடத்தில் படகுகளைத் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி முறியடித்தார். 1791 ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று எழுதினார்களே தவிர, பாதுகாப்பு பற்றிய பேச்சே இல்லை. 1800-ல் எதிர்க்கரைப் பகுதியான செபராங் பிறையும் போனது, தொகை 10,000 ஆனது. 1821-ல் சயாம் உண்மையாகவே கெடாமீது படையெடுத்து வந்தது. அப்போதைய சுல்தான் தப்பி ஓடி வந்து சேர்ந்தது இதே பினாங்குக்குத்தான். கம்பெனி அவருக்காக ஒரு துப்பாக்கியைக்கூடத் தூக்கவில்லை. கெடாவுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பணம் மட்டும் இன்றுவரை, இப்போது நம் கூட்டரசின் கணக்கில், போய்க்கொண்டிருக்கிறது.

ராணுவ உதவியைப் பற்றி யார் எது சொன்னாலும் நான் முதலில் இந்தக் கதையோடுதான் உரசிப் பார்ப்பேன். இடம் எழுத்தில் போயிற்று, உதவி வாய்ப்பேச்சிலேயே நின்றது.

1940 செப்டம்பரில் அமெரிக்கா பிரிட்டனோடு செய்ததில் இரண்டு பக்கமும் எழுத்தில் இருந்தது, ஏனென்றால் இரண்டு பக்கமும் விவரம் தெரிந்தவர்கள். ஹிட்லரின் நீர்மூழ்கிகளால் பிரிட்டன் திணறிய நேரம். அமெரிக்கா 50 பழைய டெஸ்ட்ராயர் கப்பல்களைக் கொடுத்தது. பதிலுக்கு நியூஃபவுண்ட்லாந்து முதல் கரீபியத் தீவுகள்வரை தளங்கள் அமைக்க 99 ஆண்டுக் குத்தகை வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் வந்து, போர் முடிவதற்குள் கிட்டத்தட்ட 50 பில்லியன் டாலர் மதிப்புள்ள சாமான்கள் நேச நாடுகளுக்குப் போயின. அன்றைய 50 பில்லியன். சோவியத் ஒன்றியமும் அதில் வாங்கிக்கொண்டது. அமெரிக்கச் சிப்பாய் சாவதைவிட அமெரிக்க லாரியில் ரஷ்யச் சிப்பாய் போய்ச் சண்டை போடுவது மேல் என்ற கணக்கு, அதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நம் பட்டர்வொர்த் விமானத் தளமும் இடத்துக்காக வந்த உதவிதான். 1957 அக்டோபரில் மலாயா பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது, ஆஸ்திரேலிய விமானப் படை பட்டர்வொர்த்தில் வந்து உட்கார்ந்தது. அவர்களுக்கு வேண்டியது மலாக்கா நீரிணை. மலாயாவின் ரப்பரும் ஈயமும் அந்தக் காலத்தில் பிரிட்டனின் நாணய வட்டாரத்துக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பும் அந்தக் கணக்கில் ஒரு வரி. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃப்ரன்தாசி மோதல் வந்தபோது, 1964-ல் இந்தோனேசியப் படையினர் ஜொகூரில் பொந்தியான் கரையிலும் லாபிஸ் பக்கம் வானிலிருந்தும் இறங்கினார்கள். அப்போது பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நிஜமாகவே துணைக்கு நின்றன. 1786-ல் கிடைக்காதது 1964-ல் கிடைத்தது, ஏனென்றால் இந்த முறை அவர்களுடைய ஆதாயமும் இங்கேயே இருந்தது.

அதே பிரிட்டன் 1968 ஜனவரியில், பணம் இல்லை, சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் படையைத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம் என்று பிரதமர் வில்சன் வாயால் அறிவித்தது. அந்த வெற்றிடத்தில்தான் ஆஸ்திரேலியா 1969-ல் 10 சேபர் போர் விமானங்களை மலேசியாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அன்பு இருந்திருக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியப் படை அப்போது சேபரை ஓரங்கட்டிவிட்டு மிராஜுக்கு மாறிக்கொண்டிருந்தது. தனக்குப் பழையதாகிப்போனதைப் பக்கத்து வீட்டுக் காவலுக்குக் கொடுத்தால், அந்தக் காவல் தன் வீட்டுக்கும் சேர்த்துத்தானே.

என் அப்பா அந்தத் தளத்தில் ஸ்டோர் கிராணியாக இருந்தவர். அவருக்கு விமானத்தைப் பற்றிப் பெரிய மரியாதை கிடையாது. அவர் பார்த்ததெல்லாம் அலமாரிகள்: ரப்பர் வளையம், வால்வு, டயர், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை, அட்டையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம் இருப்பில் இல்லையென்றால் விமானம் ஷெட்டைவிட்டு நகராது. எங்கிருந்தோ அது வந்து சேரும்வரை மெக்கானிக்குகள் சீட்டு விளையாடுவார்களாம். "பிளேன் ஒருவாட்டிதான் வரும். சாமான் வாராவாரம் வரணும்" என்பார். உலக அரசியல் எதுவும் படிக்காத மனிதர். ராணுவ உதவியின் மையமான விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

போர் விமானம் என்பது வாங்கியதோடு முடிகிற பொருள் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு உதிரி பாகம், என்ஜின் ஓவர்ஹால், மென்பொருள், குண்டு, விமானி பயிற்சி எல்லாம் கொடுத்தவரிடமிருந்தே வர வேண்டும். வேறொருவருக்குக் கைமாற்றிவிடவும் கொடுத்தவர் அனுமதி வேண்டும். யானையைக் கொடுத்தவன் அங்குசத்துக்கு வழக்காடக் கூடாது என்பார்கள். இங்கே யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார்கள்.

ஈரான், மன்னர் ஷாவின் காலத்தில், அமெரிக்காவிடமிருந்து 79 எஃப்-14 விமானங்கள் வாங்கியது. இலவசம் இல்லை, காசு கொடுத்து. 1979 புரட்சிக்குப் பிறகு உதிரி பாகம் நின்றது. அதற்கப்புறம் ஈரான் அவற்றைப் பறக்கவைக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை, ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி, கள்ளச் சந்தையில் அலைந்து. அமெரிக்கக் கடற்படை தன் எஃப்-14-களை 2006-ல் ஓய்வு கொடுத்ததும், ஒரு திருகாணிகூட ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கியது. இஸ்ரேலுக்கே இந்தச் சூடு பட்டிருக்கிறது. அவர்கள் சொந்தமாகத் தயாரித்த க்ஃபீர் விமானத்தை 1977-ல் ஈக்வடாருக்கு விற்கப் போனபோது கார்ட்டர் அரசு தடுத்துவிட்டது. விமானம் இஸ்ரேலுடையது, உள்ளே இருந்த என்ஜின் அமெரிக்காவுடையது, அவ்வளவுதான்.

இந்தப் பிடிக்கு இன்னொரு பக்கம் உண்டு: நான் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான், பிடி அவன் கைக்குப் போய்விடும். எகிப்துதான் இதற்குப் பாடம். அதிபர் நாசர் காலத்திலிருந்து சோவியத் ஒன்றியம் எகிப்துக்கு விமானம், டாங்கி, ஏவுகணை, ஆலோசகர்கள் என்று கொட்டியது. 1972 ஜூலையில் அடுத்த அதிபர் சதாத் அந்த ஆலோசகர்களை, ஆயிரக்கணக்கானவர்களை, மூட்டை கட்டச் சொன்னார். ஏழே ஆண்டுகளில் எகிப்து இஸ்ரேலோடு அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டு அமெரிக்கப் பக்கம் வந்துவிட்டது. அந்த 1.3 பில்லியன் அதற்கான ஆண்டு வாடகை. சூயஸ் கால்வாயில் அமெரிக்கப் போர்க்கப்பலுக்குக் கிடைக்கும் முன்னுரிமையும் எகிப்திய வான்வெளியும் அந்த வாடகையில் அடக்கம்.

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் இலங்கை, எழுதும்போதே கசக்கிறது. 2007-ன் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம், மனித உரிமையைக் காட்டி இலங்கைக்கான ராணுவ உதவியைக் கட்டுப்படுத்தியது. போர் நின்றதா? சீனாவும் பாகிஸ்தானும் அந்த இடத்தை நிரப்பின. அதற்கு முன்பே இந்தியா ரேடார்கள் கொடுத்திருந்தது. அப்போது இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த எம்.கே. நாராயணன், இலங்கைக்கு வேண்டியதை எங்களிடம் கேட்கட்டும், சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் போக வேண்டாம் என்ற பொருளில் 2007-ல் வெளிப்படையாகவே பேசினார். தமிழ்நாட்டின் கொந்தளிப்பு ஒரு தட்டில், கொழும்பு இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்ற பயம் இன்னொரு தட்டில். எது கீழே இறங்கியது என்று நமக்குத் தெரியும்.

இப்போது லாபி. மாமாக் டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால், யூதர்கள்தான் அமெரிக்காவை ஆட்டிவைக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த தே தாரிக்குக்குச் சொல்லிவிடுவார்கள். அது சோம்பேறித்தனமான பதில், ஓர் இனத்தின்மீது பழி போடும் பதிலும்கூட. காலவரிசை அதற்கு ஒத்துவரவில்லை. இஸ்ரேல் ஆதரவு லாபி 1950-களிலேயே வாஷிங்டனில் வேலை செய்துகொண்டிருந்தது. அப்போது இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்தது யார்? பிரான்ஸ். 1956-ல் இஸ்ரேல் எகிப்தின் சினாயைப் பிடித்தபோது அமெரிக்க அதிபர் ஐசனோவர் நெருக்கி வெளியேற்றினார், லாபியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அமெரிக்காவிடமிருந்து முதல் பெரிய ஆயுதம், ஹாக் ஏவுகணை, 1962-ல்தான் அனுமதியானது. 1967 போரை ஒட்டிப் பிரெஞ்சு அதிபர் டி கால் தடை போட்டு பிரெஞ்சுக் கதவைச் சாத்தியதும் அமெரிக்கா பேண்டம் விமானங்களோடு உள்ளே வந்தது.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். 1966-ல் ஈராக்கிய விமானி ஒருவர் சோவியத் தயாரிப்பான மிக்-21-ஐ ஓட்டிக்கொண்டு வந்து இஸ்ரேலில் இறக்கினார். வியட்நாமில் அதே விமானத்தோடு மோதிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் 1968-ல் அதை இரவல் வாங்கித் தங்கள் பாலைவனத்தில் பறக்கவிட்டுப் பிரித்து மேய்ந்தார்கள். 1970 செப்டம்பரில் ஜோர்டான் மன்னருக்கு எதிராகச் சிரியப் படை எல்லை தாண்டியபோது, அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி இஸ்ரேல் தன் படையை நகர்த்தி நின்றது. பெரிய தொகைகள் அதற்கப்புறம்தான், அதிலும் 1973 போருக்கும் 1979 அமைதிக்கும் பிறகுதான் நிலையாக வரத் தொடங்கின. அப்புறம், எகிப்துக்கு ஆண்டுக்கு 1.3 பில்லியன் வாங்கித்தரும் லாபி எது? இஸ்ரேல் ஆதரவு லாபிக்கு ஈடான ஒன்று எகிப்துக்கு இல்லை.

லாபி எங்கே வேலை செய்கிறது என்றால், தொடங்கிய பிறகு நிறுத்த முடியாமல் செய்வதில். மனித உரிமை மீறும் படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்று 1990-களின் இறுதியிலிருந்து செனட்டர் லேஹி பெயரில் ஒரு சட்டம் இருக்கிறது. வேறு நாடுகள்மீது பாய்ந்த அந்தச் சட்டம் இஸ்ரேல் வாசலில் மட்டும் தயங்கி நிற்கும். வட்டாரத்தில் வேறு யாருக்கு ஆயுதம் விற்றாலும் இஸ்ரேலின் ராணுவ மேன்மை குறையக் கூடாது என்று 2008-ல் சட்டமே எழுதிவிட்டார்கள். வாக்குக் கணக்கில் பார்த்தால் யூதர்களைவிட எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் பல மடங்கு அதிகம், அவர்களில் பெரும்பாலோர் வேத நம்பிக்கையால் இஸ்ரேல் பக்கம். 2024 மே மாதம் காஸாவின் ராஃபா நகர்மீதான தாக்குதலை ஒட்டி பைடன் 2,000 பவுண்டு குண்டுகள் அடங்கிய ஒரு கப்பல் சரக்கை நிறுத்தினார், அதற்கே பெரிய ரகளை. அடுத்து வந்த டிரம்ப் 2025 ஜனவரியில் அதை விடுவித்துவிட்டார்.

இதுவரை படித்ததும், கொடுக்கிறவன் எப்போதும் ஜெயிக்கிறான் என்று தோன்றலாம். இல்லை. 1954-ல் பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுக்க முடிவு செய்தபோது, இது கம்யூனிசத்துக்கு எதிராகத்தான், உங்கள்மீது திரும்பாது என்று ஐசனோவர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1965-ல் அந்த அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள் பஞ்சாபின் கேம்கரண் வழியாகத்தான் உள்ளே வந்தன, அசல் உத்தர் கரும்புக் காட்டில் சிக்கிக் கூட்டமாக அழிந்தன. ஆப்கானிஸ்தான் படைக்கு இருபது ஆண்டுகளில் 80 பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தார்கள். 2021-ல் விமானங்களைப் பராமரித்த அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் அந்த விமானப் படை முடங்கத் தொடங்கியது, ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. என் அப்பாவுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

இன்னொரு சிக்கல், அங்குசம் கையில் இருந்தும் பயன்படுத்தப் பயம். ஒரு நண்பனுக்கு நிறுத்தினால் தைவானும் ஜப்பானும் வளைகுடா மன்னர்களும் நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று கணக்குப் போடுவார்கள். இது வாங்குகிறவனுக்கும் தெரியும். அதனால்தான் ஆண்டுக்கு 3.8 பில்லியன் வாங்கும் நாட்டின் பிரதமர் அமெரிக்க அதிபரின் பேச்சைக் கேட்காமல் இருக்க முடிகிறது.

மலேசியா என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். நாமும் வாங்குகிறோம். கடலில் ஆள் கடத்தும் படகுகளைத் தடுக்க 2015-ல் ஆஸ்திரேலியா இரண்டு ரோந்துக் கப்பல்களைக் கொடுத்தது, அந்தப் படகுகள் போய்ச் சேரும் இடம் ஆஸ்திரேலியா என்பதால். ஜப்பானும் தன் கடலோரக் காவல் படையின் பழைய கப்பல்கள் இரண்டை 2017-ல் கொடுத்தது, அதன் எண்ணெய்க் கப்பல்கள் இந்த நீரிணை வழியாகப் போவதால். அமெரிக்கா 12 ஸ்கேன் ஈகிள் கண்காணிப்பு டிரோன்கள் கொடுத்தது, தென்சீனக் கடலுக்காக. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கக் கூடாது என்பது நம் பழக்கம்: பிரிட்டனின் ஹாக் விமானம், ரஷ்யாவின் சுகோய், அமெரிக்காவின் எஃப்-18, பிரான்சின் நீர்மூழ்கி. யார் கையிலும் முழுப் பிடி இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஐந்தாறு நாட்டு உதிரி பாகங்கள், ஐந்தாறு வகைப் பயிற்சி. 2018-ல் தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில், 18 சுகோய் விமானங்களில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் இருக்கின்றன என்றார். எனக்கென்னவோ அந்தச் செலவு பரவாயில்லை என்றுதான் படுகிறது, வரி கட்டுகிற எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, இது எப்போதாவது நிற்குமா? நிற்கும், நின்றும் இருக்கிறது. 1980-கள் முழுக்கப் பாகிஸ்தான் அணுகுண்டுக்கு முயல்வது வாஷிங்டனுக்குத் தெரியும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்த 1980-களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் அதிபர், உதவி தொடர்வதற்காக, பாகிஸ்தானிடம் குண்டு இல்லை என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார். 1989 பிப்ரவரியில் சோவியத் வெளியேறியது. 1990 அக்டோபரில் சான்றிதழ் வரவில்லை, உதவி நின்றது. பாகிஸ்தான் காசு கட்டிய 28 எஃப்-16 விமானங்கள் கைக்கு வரவே இல்லை, அரிசோனா பாலைவனத்தில் நின்றன. 1998 இறுதியில் பெரும்பகுதியைப் பணமாகவும் மிச்சத்தைக் கோதுமை, சோயா போன்ற சரக்காகவும் கணக்குத் தீர்த்தார்கள். மாறாக, சைப்ரஸ் படையெடுப்புக்காக 1975-ல் துருக்கிக்குத் தடை போட்டபோது, துருக்கி தன் மண்ணில் இருந்த அமெரிக்க ஒட்டுக்கேட்பு நிலையங்களை முடக்கியது. சோவியத் பக்கத்திலேயே இருக்கும் காது போனால் எப்படி? 1978-ல் தடை போய்விட்டது.

இஸ்ரேல் விஷயத்தில் நான் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு எண்கள். ஆயுத விற்பனையைத் தடுக்க செனட்டர் சாண்டர்ஸ் செனட்டில் கொண்டுவந்த தீர்மானங்களுக்கு 2024 நவம்பரில் 20 ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் ஒன்றுக்கு 27 கிடைத்தது. மொத்தம் 100 பேர், அதிபரின் வீட்டோவைத் தாண்ட 67 வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் 2028 செப்டம்பரில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் இது இனாமாகவே தொடர்கிறதா, இல்லை கூட்டுத் தயாரிப்பு, கூட்டு ஆராய்ச்சி என்று பெயர் மாறி வருகிறதா என்று பாருங்கள். பெயர் மாறினால் செனட்டில் ஓட்டுக்கு விடும் வாய்ப்பே குறைந்துவிடும், தொகையும் பென்டகன் பட்ஜெட்டுக்குள் கரைந்துபோகும்.